காய்ச்சல் இல்லை என்று எழுதிய காலைகள்

முதியோர் இல்ல வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஊசி போடுவது, படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் இரண்டு மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு உங்களுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பொறுப்பு நர்ஸாக இருந்தேன். பழைய பங்களா. ஆள் உயரத்துக்கு ஜன்னல்கள், சிவப்புத் தரை, ஓட்டுக் கூரை. கோடையில் எல்லோரும் புகழ்வார்கள். டிசம்பர் வந்தால் அதே தரை காலைச் சுண்டி இழுக்கும். எங்கள் கமிட்டியின் செயலாளர் பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஹீட்டர் வேண்டும், ஜன்னல் இடுக்குகளை அடைக்க வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம், "பெங்களூர்ல என்ன சிஸ்டர், காஷ்மீர் குளிரா?" என்பார். கேட்கும்போது அவர் தலையில் குரங்குக் குல்லாய் இருக்கும், கழுத்தில் மஃப்ளர் இருக்கும்.

அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. குளிரில் யாராவது சாவார்களா, அதுவும் இந்த ஊரில், என்றுதான் நாங்களும் நினைத்தோம். நாங்கள் ஓடியாடி வேலை செய்கிறவர்கள். வயதானவர் ஒரு நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். உடம்பில் சதை இல்லை. பாதிப் பேருக்குத் தூக்க மாத்திரை உண்டு. எனக்கு ஸ்வெட்டர் போதும் என்கிற குளிர் அவருக்கு வேறு குளிர். இதையெல்லாம் பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

ஆண்கள் கூடத்தில் தேவராஜ் ஐயா என்று ஒருவர் இருந்தார். சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், சொந்த ஊர் ஒக்கலிபுரம். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. காலை ஆறு மணிக்கு அவர் குரல்தான் முதலில் கேட்கும். டீ வரத் தாமதமானால் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "டீ இன்னும் டிப்போவுலயே நிக்குதாப்பா?" என்பார். சர்க்கரை குறைந்தால் ஒரு சத்தம், சூடு குறைந்தால் இன்னொரு சத்தம். வேலையாட்கள் அவருக்குப் பயந்து டீயை முதலில் அவருக்கே கொண்டுபோவார்கள். எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். மறைப்பதற்கில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரத்தில் வருஷா வருஷம் கம்பளி வழங்கும் விழா நடக்கும். ஒரு வியாபாரக் குடும்பம் எல்லோருக்கும் ஆளுக்கொரு கம்பளி கொடுக்கும். நான் சொல்லும் வருஷத்துக்கு முந்தைய விழாவில் எடுத்த படம் ஒன்றில், புதுக் கம்பளியை வாங்கிக்கொள்ளும் கிழவரின் கட்டிலில் பழைய கம்பளி கந்தலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. செயலாளருக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. இந்த வருஷம் விழாவுக்கு முந்தைய நாள் சாயங்காலமே பழையவற்றை எல்லாம் எடுத்து ஸ்டோரில் பூட்டிவிடுங்கள் என்றார். நான் சரி என்று சொல்லி, ஆயா சரோஜாவிடம் வேலையை ஒப்படைத்தேன்.

சரோஜா நீலசந்திராவிலிருந்து வருகிறவர். என் வயதுதான் இருக்கும். கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.

"சிஸ்டர், ராத்திரிக்கு இன்னா போத்திக்குவாங்க?" என்று கேட்டார்.

"ஆளுக்கு ரெண்டு பெட்ஷீட் குடு. ஒரு ராத்திரிதானே" என்றேன்.

எனக்கு ஒரு சமாதானமும் இருந்தது. போன வருஷக் கம்பளி, அதற்கு முந்தைய வருஷக் கம்பளி எல்லாம் அவரவர் டிரங்குப் பெட்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன. குளிர்ந்தால் எடுத்துப் போர்த்திக்கொள்வார்கள் என்று சொல்லிக்கொண்டேன். யாரும் எடுக்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பேத்திக்கு என்று ஒருவர் வைத்திருப்பார். தன்னைச் சவப்பெட்டியில் வைக்கும்போது மேலே போர்த்த என்று இன்னொருவர் வைத்திருப்பார். புதியதைப் போர்த்திக்கொண்டு தூங்குவது என்பது எங்கள் இல்லத்தில் யாருக்கும் வராத யோசனை. தேவராஜ் ஐயாவின் பெட்டியில் அப்படி இரண்டு கம்பளிகள் இருந்தன.

மறுநாள் விழா பத்து மணிக்கு. வழக்கமாகக் குளியல் பதினொரு மணிக்கு, குளியலறைக்குள் வெயில் விழுந்த பிறகுதான் தொடங்கும். அன்று ஐந்தரைக்கே தொடங்கச் சொன்னேன். விறகு பாய்லரில் வெந்நீர் முதல் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் வரும். தேவராஜ் ஐயா கடைசி ஆட்களில் ஒருவர். அவருக்குக் கிடைத்தது பச்சைத்தண்ணீர் இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

நான் ஏழு மணிக்கு வந்து சார்ட்டுகளைப் பார்த்தேன். இரவு நர்ஸ் ஷீலா எல்லோருக்கும் டெம்பரேச்சர் பார்த்து எழுதியிருந்தாள். ஆண்கள் கூடத்தில் எல்லோருக்கும் 98.4. வரிசையாக, அழகான கையெழுத்தில். கையெழுத்துப் போட்டுவிட்டு, நாற்காலிகள் போதுமா என்று பார்க்கப் போனேன்.

ஒன்பது மணி வாக்கில் சரோஜா வந்தார். "சிஸ்டர், தேவராஜ் தாத்தா இன்னிக்கி டீ கேக்கல. வெச்ச டீ அப்டியே கீது. சும்னே உக்காந்துகினு கீறாரு."

"அப்பாடா, விழா நாள்லயாவது மனுஷன் வாய மூடினாரே" என்றேன்.

சரோஜா சிரிக்கவில்லை. போய்விட்டார். பத்து மணிக்கு விருந்தாளிகள் வந்து மாலை மரியாதை நடந்துகொண்டிருக்கும்போது மறுபடியும் என் பின்னால் வந்து நின்றார்.

"சிஸ்டர், நான் கை வெச்சுப் பாத்தேன். சில்லுனு கீது."

"வயசானவங்களுக்குக் கையும் காலும் அப்படித்தான் இருக்கும் சரோஜா."

"கை இல்ல சிஸ்டர். வயிறு. சட்டைக்குள்ள கைய வுட்டுப் பாத்தேன். வயிறு சில்லுனு கீது. ஜல்தி வாங்க."

கையும் காலும் குளிர்வது வழக்கம்தான். வயிறு குளிரக்கூடாது. இது எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லாத விஷயம். ஆனால் கேட்டவுடனே புரிந்துவிட்டது.

தேவராஜ் ஐயா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, பவுடர் போட்டு, விழாவுக்குப் புதுச் சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். ஐயா, குளிருதா என்று கேட்டேன். வெகு நேரம் யோசித்துவிட்டு, இல்லை என்றார். நாக்கு குழறியது. குடித்தவர் பேசுகிற மாதிரி இருந்தது. பிறகு, "இது எந்த ஸ்டாப்பு?" என்று என்னைக் கேட்டார்.

தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். பாதரசம் முதல் கோட்டுக்குக் கீழேயே கிடந்தது. உதறிவிட்டு மறுபடி வைத்தேன். அதேதான். இது கெட்டுப்போய்விட்டது, வேறொன்று கொண்டா என்று சொன்னேன். அதிலும் ஏறவில்லை. இந்த இடத்தை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு எதிரில் இருக்கும் மனிதர்மேல் வரவேண்டிய சந்தேகம், கண்ணாடிக் குழாய்மேல் வந்தது. எங்களிடம் இருந்த தெர்மாமீட்டர்களில் 95-க்குக் கீழே கோடே கிடையாது. அவை காய்ச்சலைப் பார்க்கச் செய்தவை. எங்களையும் அதற்காகத்தான் பழக்கியிருந்தார்கள். ஏறினால் பயப்படு, ஏறாவிட்டால் பயமில்லை.

இல்லத்தின் வேன் விருந்தாளிகளின் உறவினர்களைக் கூட்டிவரப் போயிருந்தது. ஸ்டோர் சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் பூ வாங்கப் போயிருந்தார். தேவராஜ் ஐயாவின் டிரங்குப் பெட்டி பூட்டியிருந்தது, சாவி எங்கே என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. வேறு கம்பளி எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். ஹாலில் மேசைமேல், சிவப்பு ரிப்பன் கட்டி, அடுக்கடுக்காக இருந்தது.

ஹாலுக்குப் போனேன். செயலாளர் ஆண்டறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார். நான் மேசையிலிருந்து ஒன்று, இரண்டு என்று ஐந்து கம்பளிகளை எடுத்தேன். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "சிஸ்டர், என்ன பண்றீங்க? இன்னும் ஃபோட்டோ எடுக்கல" என்றார்.

"எடுத்துக்கச் சொல்லுங்க சார்" என்றேன். ஃபோட்டோகிராபர் நிஜமாகவே எடுத்தார். அந்தப் படம் அந்த வருஷ ஆல்பத்தில் வரவில்லை.

கம்பளி கொடுக்க வந்த அம்மாள் எழுந்து வாசல்வரை என்னோடு வந்து, "ஏனாயித்து சிஸ்டர்?", என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டார். ஒரு பெரியவர் குளிரில் மோசமாக இருக்கிறார் என்று எனக்கு வந்த கன்னடத்தில் சொன்னேன். அவர் கம்பளிகளையும் என் முகத்தையும் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் டிரைவரைக் கூப்பிட்டு, காரை எடுத்துப் படிக்கட்டுக்குக் கிட்டே நிறுத்தச் சொன்னார்.

நான் கட்டிலுக்குத் திரும்பி வருவதற்குள் வைத்தியம் ஆரம்பமாகியிருந்தது. சமையல்காரர் கேக்குக்கு வாங்கி வைத்திருந்த பிராந்தியை டம்ளரில் ஊற்றிக்கொண்டு நின்றார். ஒருவர் வெந்நீர்ப் பை கொண்டுவந்திருந்தார். சரோஜா உள்ளங்காலைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். எல்லாம் நல்ல மனசோடு செய்தது. மூன்றையும் நிறுத்தினேன். பிராந்தி உடம்பு சூடான மாதிரி ஒரு நினைப்பைத்தான் கொடுக்கும். உள்ளே மிச்சம் இருக்கும் சூட்டையும் தோலுக்குக் கொண்டுவந்து வெளியே விட்டுவிடும். கை காலைத் தேய்த்தால் அங்கே தங்கியிருக்கும் குளிர்ந்த ரத்தம் நெஞ்சுக்குப் போகும். குளிர்ந்த இதயம் சின்ன அதிர்ச்சியையும் தாங்காது. வெந்நீர்ப் பை தோலைப் பொசுக்கிவிடும், அவருக்கு வலிகூடத் தெரியாது.

"பின்ன ஒண்ணும் பண்ணாம சும்னே நிக்கறதா?" என்று சமையல்காரர் கோபமாகக் கேட்டார். கேள்வி நியாயமானது. எல்லோரும் பதறிக்கொண்டு ஓடும்போது மெதுவாகச் செய் என்று சொல்வதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமானது.

சட்டைப் பித்தானைக் கழற்றினேன். உள்ளே பனியன் ஈரமாக இருந்தது. அவசரத்தில் துடைக்காமலே மாட்டியிருக்கிறார்கள். விடியற்காலைக் குளியலின் ஈரம் பத்து மணிவரை அவர் நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கி அசைக்காமல் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். நெஞ்சையும் வயிற்றையும் உலர்ந்த கம்பளியால் சுற்றினோம், தலைக்கு என் ஸ்கார்ஃபைக் கட்டினோம். படுக்கை விரிப்போடு அப்படியே, ஆட்டாமல், காரின் பின்சீட்டுக்குக் கொண்டுபோனோம். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் சரோஜா, அவரை அணைத்துக்கொண்டு அதே கம்பளிக்குள் உட்கார்ந்தோம். மெதுவா ஓட்டுங்க என்று டிரைவரிடம் சொன்னேன். அவருக்கும் அது புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் தாழ்ந்த கோடுகள் உள்ள தெர்மாமீட்டர் இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "தொண்ணூறு" என்றார். இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து வாக்கியத்தை முடிக்கவில்லை. தேவராஜ் ஐயா பிழைத்தார். பத்து நாளில் திரும்பி வந்தார். ஆஸ்பத்திரி டீயைப் பற்றி ஒரு மாதம் திட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன்.

கமிட்டியில் ஷீலாவை வேலையை விட்டு நீக்கவேண்டும் என்றார்கள். அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"தேவராஜ் ஐயாவுக்கு 98.4 எப்படிம்மா வந்துச்சு?"

அவள் பொய் சொல்லவில்லை. "மெர்க்குரி ஏறல சிஸ்டர். அக்குள்ல சரியா நிக்கலைன்னு நெனச்சேன். காய்ச்சல் இல்லன்னு மட்டும் தெரிஞ்சுது. காய்ச்சல் இல்லன்னா 98.4ன்னு எழுதறதுதானே நம்ம வழக்கம்."

நம்ம வழக்கம் என்றாள். அந்த வழக்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், குளிர்காலத்தில் கிழடுகளுக்குச் சரியாக ஏறாது, அதற்காக நின்றுகொண்டிருக்காதே என்று நான்தான் சொன்னேன். ஷீலாவை அனுப்பினால் என்னையும் அனுப்புங்கள் என்று கமிட்டியிடம் சொன்னேன். இருவரும் இருந்தோம்.

அதற்குப் பிறகு சில விஷயங்களை மாற்றினோம். வெயில் வராமல் குளியல் இல்லை, யார் வந்தாலும் சரி. துடைத்த பிறகு பனியனைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பாதரசம் ஏறாவிட்டால், ஏறவில்லை என்றே எழுத வேண்டும். எழுதிவிட்டு வயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும். தினமும் சண்டை போடுகிறவர் ஒரு நாள் சும்மா இருந்தால் முதலில் அவரிடம் போக வேண்டும். பெட்டியில் உறங்கும் கம்பளிகளுக்கு வழி கண்டுபிடித்தது சரோஜா. அடுத்த வருஷம் விழாவுக்கு முன்பே கம்பளிகளை வாங்கி, ஒரு முறை துவைத்துக் காயப்போட்டுவிட்டார். துவைத்தால் அது புதுசு இல்லை. பேத்திக்கும் ஆகாது, பெட்டிக்கும் ஆகாது. எல்லோரும் அன்று ராத்திரியே போர்த்திக்கொண்டார்கள். துவைத்த கம்பளியைக் கொடுத்தால் எங்களுக்கு என்ன மரியாதை என்று நன்கொடையாளர் வீட்டில் ஒருவர் கேட்டாராம். அந்த அம்மாள் அவரை அடக்கிவிட்டார்.

இத்தோடு நிறுத்தினால் எனக்கும் நல்ல பெயர், உங்களுக்கும் ஒரு பாடம். ஆனால் தேவராஜ் ஐயா திரும்பி வந்த அந்தப் பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம், முந்தைய வருஷங்களின் சார்ட்டுகளை ஸ்டோரிலிருந்து எடுத்து உட்கார்ந்தேன். ஏன் எடுத்தேன் என்றால், தேவராஜ் ஐயா ஒருவர்தானா என்று ஒரு கேள்வி என்னை விடவில்லை. டிசம்பரிலும் ஜனவரியிலும் இறந்தவர்களை மட்டும் பிரித்து வைத்தேன். தூக்கத்திலேயே போய்விட்டார், முதுமை, என்று எழுதியிருந்தவர்கள். அவர்களின் கடைசி வாரப் பக்கங்களைப் பார்த்தேன். எல்லாம் 98.4. இறந்த காலைவரை 98.4. அதில் யார் குளிரால் போனார், யார் வேறெதனால் போனார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

சில வருஷங்களுக்கு முன்னால் இறந்த ரோசம்மா என்பவரின் பக்கம் என் கையெழுத்தில் இருந்தது. இரவு நர்ஸ் லீவில் போயிருந்த வாரம் அது. கடைசி நாலு நாள் காலையிலும் நான்தான் எழுதியிருந்தேன். ரொம்ப அமைதியாக இருக்கிறார், சாப்பாடு குறைவு, தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்று பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தேன். அவர் மகள் ஸ்டெல்லா ஒரு பள்ளிக்கூட டீச்சர். அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா கஷ்டப்பட்டாங்களா சிஸ்டர் என்று கேட்டார். இல்லைம்மா, காய்ச்சல்கூட இல்லை, நிம்மதியாகப் போனார்கள் என்று சொன்னேன். அந்தப் பதிலுக்காக ஸ்டெல்லா வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு எனக்கு ஒரு கேக் கொண்டுவந்து கொடுப்பார்.

அந்த வருஷம் டிசம்பரிலும் வந்தார். சொல்லவேண்டாம் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். சொல்லி யாருக்கு என்ன லாபம், அவருடைய நிம்மதியைக் கெடுக்க நான் யார் என்றெல்லாம் எனக்குள் பேசி முடித்திருந்தேன். கேக்கை மேசைமேல் வைத்துவிட்டு, "அம்மாவக் கடைசியா பாத்துக்கிட்டவங்க நீங்கதான் சிஸ்டர், அத மறக்க முடியல" என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. சார்ட்டை எடுத்து அவர் முன்னால் வைத்துச் சொன்னேன். நடுங்காமல், மெதுவாக, ஒன்றையும் விடாமல் சொன்னேன். குளிராலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றேன். அந்த நாலு எண்களும் நான் பார்த்து எழுதியவை இல்லை என்றேன்.

ஸ்டெல்லா அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. பரீட்சைப் பேப்பரைப் பார்க்கிற டீச்சரின் முகம்தான் இருந்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ அம்மாவுக்கு எவ்ளோ இருந்துச்சு சிஸ்டர்?"

"தெரியாதும்மா" என்றேன். "நான் அம்மாவத் தொட்டே பாக்கல."